முனியப்பாவும் மன்றோவும்: ஓசூர் எல்லையில் பெயர்கள் எழுதப்பட்ட கதை

ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியை இறக்கினால் துணியில் முடிந்த காகிதக் கட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, கிஸ்தி ரசீது, யூடிஆர் பட்டா, பள்ளிக்கூட டி.சி., ரேஷன் கார்டு, ஆதார். அத்தனையும் எங்கள் தாத்தா ஒருத்தரைப் பற்றியவைதான் என்பார்கள் வீட்டார். காகிதங்களைக் கேட்டால் வேறு கதை. பத்திரத்தில் முனியப்பா. கிஸ்தி ரசீதில் முனெப்பா. பட்டாவில் முனியப்பன். அத்திப்பள்ளி தாண்டிப் போய் வேலை பார்த்த காலத்துச் சீட்டு ஒன்றில் முனேகவுடா. மகனுடைய டி.சி.யில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் முனிசாமி. இப்படி ஒரு கட்டை மாதிரியாக வைத்துக்கொண்டால், அதில் ஐந்து பேர் இருப்பதாகத்தான் எந்தக் கணினியும் சொல்லும்.

இதில் எது சரி என்று கேட்பது இந்த எல்லைச் சீமையில் பயனற்ற கேள்வி. அந்தத் தாத்தா தன் பெயரை ஒருநாளும் எழுதிப் பார்த்திருக்க மாட்டார். அவர் சொன்னார், மற்றவர்கள் எழுதினார்கள். கேட்டவர் தெலுங்கு வீட்டிலிருந்து வந்திருந்தால் ஒரு மாதிரி, சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழ் எழுத்தராக இருந்தால் இன்னொரு மாதிரி. காகிதத்தில் நிற்பது எழுதியவரின் காது. ஆகவே இந்தப் பகுதியில் குடும்ப வரலாறு தேடப் புறப்படுகிறவர் பெயரைத் தேடுவதற்கு முன் அந்தப் பெயரை எழுதிய ஆளைத் தேட வேண்டும் என்பதே என் கட்சி.

விசித்திரம் என்னவென்றால், இங்கே குடியானவர்களின் பெயர்களை ஆள்வாரியாக அரசாங்கக் கணக்கில் ஏற்றும் வேலையைத் தொடங்கிவைத்தவர்களின் பெயர்களும் இதே நோய் பிடித்தவை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் உட்கார்ந்தார். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: கிருஷ்ணகிரியில் கிரஹாம், தருமபுரியில் தாமஸ் மன்றோ, சேலத்தில் மெக்லவுட். மூன்றும் ஸ்காட்லாந்துக் குடிப்பெயர்கள். மன்றோ கிளாஸ்கோ நகரத்தில் 1761-இல் பிறந்தவர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி அடங்கிய பாலாகாட் பகுதி 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

இந்த நான்கு பேரின் பெயர்களையும் ஸ்காட்லாந்தின் பழைய திருச்சபைப் பதிவேடுகளில் தேடுகிறவர் படும் பாடு நம் முனியப்பா வீட்டுப் பேரன் படும் பாட்டுக்குக் குறைந்ததல்ல. ரீட் என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் பரவலாக உள்ளது ஒன்று, நம் கேப்டன் எழுதியது மற்றொன்று. கிரஹாமுக்கு கிரேம் என்றொரு வடிவம். மன்றோவை உகரம் போட்டும் ஒகரம் போட்டும், கடைசியில் ஒரு எகரம் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜேம்ஸ் மன்றோவின் பெயரும் இதே பெயர்தான், எழுத்து வேறு. மெக்லவுட் இருப்பதிலேயே மோசம். முன்னால் உள்ள ‘மேக்’ முழுதாக வரும், சுருங்கி வரும், சில நேரம் ஒரு எழுத்தும் மேலே ஒரு கொம்பும் மட்டுமே வரும். ‘மேக்’ என்றால் கேலிக் மொழியில் மகன். லியோட் என்பவரின் மகன் மெக்லவுட். நாம் ‘முனியப்பா மகன்’ என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, அதேதான். அவர்களுடையது ஒரு தலைமுறையில் உறைந்து குடிப்பெயராக நின்றுவிட்டது, நம்முடையது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகிறது.

தமிழில் மட்டும் மன்றோ தப்பினாரா? மன்றோ, மன்ரோ, முன்றோ, மண்ரோ என்று நான்கு விதமாக அச்சில் பார்க்கலாம். பிறகு அவர் கலெக்டராகப் போன ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். கிளாஸ்கோக்காரரின் குடிப்பெயர் இங்கே வந்து ‘அப்பா’ ஒட்டிக்கொண்டு ஒரு குடியானவனின் பெயராயிற்று. ஸ்காட்லாந்துப் பெயர்த் திரிபுகளின் பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்க்கிறார்களோ என்னவோ, சேர்க்க வேண்டும்.

ரீட்டும் மன்றோவும் செய்த வேலையின் தன்மைதான் இங்கே முக்கியம். ஊர் மொத்தத்துக்கும் ஒரு தொகை என்றிருந்த இடத்தில், வயலை அளந்து, அந்த வயலை உழுகிற குடியானவனோடு நேரே கணக்கு வைத்துக்கொள்வது என்ற முறை வந்தது. அதுதான் ரயத்துவாரி. ஊர்க் கணக்கில் நாட்டாண்மை பெயர் போதும். ரயத்துவாரிக்கு ஒவ்வொரு ரயத்தின் பெயரும் வேண்டும். சொல்லில் மட்டும் இருந்த நம் கொள்ளுத்தாத்தாக்களின் பெயர்கள் கச்சேரிக்குள் நுழைந்த வாசல் அது. அந்த வாசலில் என்ன மொழி பேசினார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். திப்புவின் வருவாய்க் கணக்குகள் பாரசீகம் ஏறியவை. கச்சேரியில் மராத்தி அறிந்த எழுத்தர்கள். ஊர்க் கர்ணம் கன்னடமோ தெலுங்கோ தமிழோ எழுதுவார். கன்னடம் பேசும் ஊர்களில் அவரே சானுபோகர். மேலே அனுப்பும் அறிக்கை ஆங்கிலத்தில். ஒரு பெயர் வயல் வரப்பிலிருந்து சென்னைக் கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று லிபிகளைத் தாண்டியிருக்கும். அந்த அறிக்கைகளைத்தான் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று 1907 முதல் சென்னையில் அச்சிட்டார்கள். குடிகளைப் பற்றியே அதில் ஒரு பகுதி உண்டு. கிருஷ்ணகிரியில் கிஸ்ட்னகெரியும் ராயக்கோட்டையில் ரயகோட்டாவும் அந்தக் காலத்து ஆங்கிலக் காதுக்குக் கேட்டவை.

ஓசூரின் பெயரே ஒரு பாடம். கன்னடத்தில் ‘ஹொஸ ஊரு’, புதிய ஊர். தமிழில் சொன்னால் புத்தூர். பழைய கன்னடத்தில் அது ‘பொஸ’. சொல் முதலில் வந்த பகரம் நாளடைவில் ஹகரமானது, பால் ஹாலு ஆனதுபோல, புலி ஹுலி ஆனதுபோல. தமிழ் நாக்கு அந்த ஹகரத்தையும் கழற்றிவிட்டது. மிஞ்சியது ஒசூரா ஓசூரா என்ற சண்டை இன்றைக்கும் பெயர்ப் பலகைகளில் நடக்கிறது. கன்னடத்தில் குறில், நாம் பெரும்பாலும் நெடிலாக எழுதுகிறோம். கும்பினியார் ஹகரமே இல்லாமல் ஊஸூர் என்று ஒலிக்கும்படி எழுதினார்கள், தமிழ்க் காது கேட்டதை எழுதியதாகத் தெரிகிறது. பின்னால் வந்தவர்கள் கன்னடத்தின் ஹகரத்தை ஆங்கிலத்தில் திரும்பச் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் எச், தமிழில் ஓ, இரண்டும் ஒரே பேருந்தின் நெற்றியில். இதற்கெல்லாம் முன் கல்வெட்டுக் காலத்தில் ஊருக்கு செவிடபாடி என்று பெயர்.

மனிதர் பெயரிலும் இந்த ஹகரம் வந்து போகும். ஹனுமந்தப்பா அனுமந்தப்பா ஆவார். தமிழ் லிபி செய்யும் இன்னொரு வேலை இதைவிடப் பெரியது. பகரத்துக்கு ஒரே எழுத்துத்தான். பைரப்பா என்று தமிழில் எழுதினால் ஓசூரில் யாருக்கும் ஐயமில்லை, அது பைரவனின் பெயர். அதைக் கணினி ஆங்கிலத்துக்கு மாற்றும்போது வல்லொலி போட்டுவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் தம்பியின் ஆதாரில் கன்னடமும் ஆங்கிலமும். ஓசூரில் இருக்கும் அண்ணனின் ஆதாரில் தமிழும் ஆங்கிலமும். அப்பா பெயர் ஒன்றுதான். தம்பியிடம் ஆங்கில ‘பி’ இரண்டாம் எழுத்து, அண்ணனிடம் பதினாறாம் எழுத்து. பிற்பாடு நில வழக்கு வந்தால் இந்தப் பதினான்கு எழுத்து இடைவெளிக்குள் வக்கீல் ஒரு வீடு கட்டிவிடலாம்.

ஆங்கில எழுத்தின் குற்றம் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பழைய காலத்தில் ‘யோஹ்’ என்றொரு எழுத்து வைத்திருந்தார்கள், யகரத்துக்குப் பக்கத்து ஒலி. அச்சு வந்தபோது அந்த எழுத்துக்கு அச்சு இல்லை. உருவத்தில் கொஞ்சம் ஒத்திருந்த ‘இசட்’டைப் போட்டார்கள். அதனால்தான் மென்ஸீஸ் என்று எழுதி மிங்கிஸ் என்று படிக்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. நம் தென்னாட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் சேகரித்த காலின் மெக்கன்சியின் பெயரிலுள்ள ‘சி’யும் இப்படி வந்ததே, அவர் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர், 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், அவர் சேர்த்த சுவடிகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. தன் பெயரிலேயே தொலைந்துபோன எழுத்தைச் சுமந்துகொண்டு வந்தவர், ழகரத்தைத் தொலைத்த இரண்டு மொழிகளிலும் தொலைக்காத ஒன்றிலுமாகச் சுவடி சேர்த்தார். பழைய கன்னடத்தில் ழகரம் இருந்தது, பிறகு ளகரத்தில் கரைந்தது. தெலுங்கில் டகரமாயிற்று. சோழன் கன்னடத்தில் சோள, தெலுங்கில் சோட. ஒரு பேரரசனின் குலப்பெயருக்கே இந்த கதி என்றால் பழனியப்பா எம்மாத்திரம்!

மேல்நாட்டார் இந்தச் சிக்கலுக்கு ஒரு கருவி செய்தார்கள். சவுண்டெக்ஸ் என்று பெயர். 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்களை ஒலிக்குழுவாகப் பிரித்து மூன்று எண் கொடுப்பது. மன்றோவை எப்படி எழுதினாலும் எம் 560. ரீட் எல்லா வடிவிலும் ஆர் 300. மெக்லவுடின் முழு வடிவம், சுருக்கம், மேகம் என்று பொருள்படும்படி அமெரிக்காவில் எழுதும் வடிவம், மூன்றும் எம் 243. ஸ்காட்லாந்துப் பெயர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

அதே சட்டையை நம்மாளுக்குப் போட்டுப் பார்த்தேன். முனியப்பாவும் முனெப்பாவும் எம் 510, நல்லது. முனியப்பன் என்று தமிழ் எழுத்தர் கடைசியில் ஒரு னகரம் சேர்த்ததும் எம் 515 ஆகிவிடுகிறது. ஆள் வேறாகிவிட்டார். கன்னட ‘அப்பா’வுக்கும் தமிழ் ‘அப்பன்’னுக்கும் உள்ள ஒற்றை மெய்யில் ஆள் தொலைகிறார். கிருஷ்ணப்பா கே 625. கும்பினிக் காலத்து வழக்கப்படி கிஸ்ட்னப்பா என்று எழுதினால் கே 235. சின்னப்பாவைச் சகரத்துக்கு ஒரு எழுத்து, ஸகரத்துக்கு ஒரு எழுத்து என்று பிரித்தால் முதலெழுத்தே மாறுகிறது, முதலெழுத்து மாறினால் சவுண்டெக்ஸ் கையை விரித்துவிடும். வெங்கடப்பாவை ஊரில் பலர் யங்கடப்பா என்றே கூப்பிடுவார்கள். அதற்கும் அதே கதி. பைரப்பா அண்ணன் தம்பிகளைச் சொல்லவே வேண்டாம். இந்த எல்லைக்கென்று ஒரு சவுண்டெக்ஸ் செய்வதானால் முதலெழுத்தை நம்பக் கூடாது, கடைசி னகரத்தை வெட்டிவிட வேண்டும், ஹகரத்தைக் கண்டுகொள்ளக் கூடாது, ப-வையும் அதன் மெல்லொலியையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும். கணினி படித்த ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்து வேலை.

எழுத்தைவிடப் பெரிய குழி இன்னொன்று உண்டு: இனிஷியல். தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து நின்றால் அது தகப்பனார் பெயர் என்று எடுத்துக்கொள்வோம். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்த ஒருவரை இந்த விதிப்படி தேடிப் பாருங்கள். சி. ராஜகோபாலாச்சாரி. சி என்று தொடங்கும் தகப்பனார் எங்கும் கிடைக்க மாட்டார். தகப்பனார் வெங்கடார்ய ஐயங்கார். அந்த சி குடும்பப் பெயரான சக்கரவர்த்தி. ராஜாஜியின் மகன் சி.ஆர். நரசிம்மன், 1952-லும் 1957-லும் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குப் போனவர். அவரிடம் குடும்பப் பெயரும் தகப்பனார் பெயரும் சேர்ந்து இரண்டு எழுத்தாக நிற்கின்றன. இவ்வளவு பெயர் பெற்ற மனிதரையே ராஜகோபாலாச்சாரி, ராஜகோபாலாச்சாரியார், சி.ஆர். என்றெல்லாம் நூலகப் பட்டியல்கள் தனித்தனி ஆளாக்குகின்றன. ஓசூரில் பள்ளி, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி, சென்னையில் சட்டம், சேலத்தில் வக்கீல் தொழில் என்று நான்கு ஊர்ப் பதிவேடுகளில் அவர் இருக்கிறார். போதாக்குறைக்கு, பெயரின் கடைசியிலுள்ள ‘ஆச்சாரி’ பழைய ஆங்கிலப் பதிவேட்டில் வைணவரையும் குறிக்கும், தச்சு கொல்லு வேலை செய்யும் ஆசாரியையும் குறிக்கும். சாதியை வைத்துப் பிரிக்கலாம் என்று போகிறவர் அங்கேயும் வழுக்குவார்.

தெலுங்கு வீடுகளில் முன்னால் நிற்பது இன்ட்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர். அது தலைமுறை தாண்டியும் மாறாது. தேடுகிறவருக்கு அது தங்கம். தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் அதை எடுத்துவிட்டுத் தகப்பனார் எழுத்தைப் போட்டுவிட்டால் ஒரே நாளில் முந்நூறு ஆண்டுத் தொடர்ச்சி போய்விடும். கர்நாடகத்துக்குப் போன கிளையில் இதே எழுத்து பெயருக்குப் பின்னால் போய் நிற்கும். கவுடா என்பது சேலத்து எழுத்தரின் கையில் கவுண்டராகிவிடும். அப்புறம் அந்தக் குடும்பத்தை ஒக்கலிகர் வரலாற்றில் தேடாமல் கொங்கு வேளாளர் வரலாற்றில் தேடிக்கொண்டிருப்பார்கள். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒக்கலிகருக்கு நேரே வக்கலிகர் முதலான மாற்று வடிவங்களையும் அரசே சேர்த்து அச்சிட்டிருக்கிறது. சாதிப் பெயர் பலவிதமாக எழுதப்படும் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது. ஆள் பெயருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

இத்தனை குழிகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் இருக்கிறது. பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரைச் சுமப்பவன். ஸ்காட்லாந்திலும் மூத்த மகனுக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்று ஒரு வழக்கம் இருந்தது. அங்கே குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். நம் பத்திரங்களிலும் முனியப்பா மகன் திம்மராயப்பா, திம்மராயப்பா மகன் முனியப்பா என்று பெயர்கள் ஊஞ்சல் ஆடும். ஊஞ்சலைத் தெரிந்துகொண்டால் காணாமல் போன தலைமுறையின் பெயரை ஊகிக்கலாம். தெரியாமல் இறங்கினால் இரண்டு முனியப்பாக்களையும் ஒருவராக்கி, நூற்றிருபது வயது வாழ்ந்த ஒரு தாத்தாவைக் கண்டுபிடித்துவிடுவோம். பெண்கள் விஷயத்தில் ஸ்காட்லாந்து நம்மைவிடப் பரவாயில்லை: கல்யாணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரோடு பதிவேட்டில் எழுதினார்கள். நம் முனியம்மாவுக்குக் கல்யாணத்தோடு இனிஷியல் மாறுகிறது. அவளுடைய பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க, பாட்டிமார் நினைவைவிட்டால் ஆதாரம் அரிது.

ஆகவே எழுதியவரைத் தேடுவது என்றால் நடைமுறையில் இவ்வளவுதான். பெயரைக் கடைசியில் வையுங்கள். முதலில் ஊர், பிறகு சர்வே எண், பிறகு தகப்பனார், பிறகு குலதெய்வம். நிலத்துக்குக் கால் கிடையாது. ஆள் பெயர் ஐந்து விதமாக மாறினாலும் வயல் அதே இடத்தில் கிடக்கும். அ-பதிவேட்டில் சர்வே எண்ணைப் பிடித்துப் பின்னால் போனால் பெயர்கள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். பழைய கணக்குகளில் பசலி ஆண்டு போட்டிருக்கும். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கும். பசலி 1389 என்றால் 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை. யூடிஆர் என்று ஊரெல்லாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் அந்த ஆண்டுகளில்தான் தொடங்கியது, 1980-இல்தான் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தன. இரண்டும் ஒட்டி வந்தது இந்தப் பகுதிக்கு ஒரு திருப்பம் என்று நினைக்கிறேன். கர்ணம் தப்பாக எழுதினாலும் ஆளைத் தெரிந்து எழுதினார். அவர் போன பிறகு எழுதியவருக்கு ஆளைத் தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். பட்டாவில் அப்பாவெல்லாம் அப்பன் ஆன இடத்தைத் தேடுகிறவர்கள் இந்தக் காலத்துக் காகிதங்களை முதலில் புரட்டிப் பார்க்கலாம். ராஜாஜியின் தகப்பனாரும் தொரப்பள்ளி முன்சீபாக இருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஊரின் பெயர்களெல்லாம் அவர் கண்முன் நடமாடியவர்களுடையவை.

அதே காலத்தில்தான் தொழிற்சாலைகளும் வந்தன. 1971-இல் சிப்காட் அமைந்தது, ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. ராகி விளைந்த மானாவாரிக்கு விலை வந்தது. நிலத்தைக் கொடுத்தவரின் பெயர் அ-பதிவேட்டில் உள்ளபடி. அவர் பிள்ளை ஆலையில் சேர்ந்தபோது பெயர் டி.சி.யில் உள்ளபடி, அந்தப் பிள்ளை ஓய்வுபெற்று பி.எஃப். பணம் கேட்கும்போது பெயர் ஆதாரில் உள்ளபடி. பின்னிரண்டும் பொருந்தினால்தான் பணம். ஓசூரில் எந்த இ-சேவை மையத்து வாசலிலும் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். ‘எழுத்து ஒண்ணு தள்ளிப் போயிருக்குதுங்க சார்’ என்று நிற்கும் கிழவர்களைக் காணலாம். ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு சான்று, நோட்டரி கையெழுத்து, பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் விளம்பரம். தான் தான்தான் என்று ஒரு மனிதர் சத்தியக் கடிதம் கொடுக்கிறார்.

ஊர்ப் பெயர்களில் இதைத் திருத்தப் பார்த்த கதையும் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. நல்ல நோக்கம், தவறான வழி என்பது என் எண்ணம். ஒரே எழுத்தைக் கட்டாயமாக்குவதால் பழைய எழுத்துகள் அழியாது. அவற்றுக்கும் புதியதற்கும் நடுவே இருந்த பாலம்தான் போகும்.

பாலம் போடுவதுதான் வேலை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கிருஷ்ணகிரி, ஓசூர் வருவாய் அலுவலகங்களிலும் உள்ள பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளுக்கு ஊர்வாரியாக ஒரு பெயரடைவு வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கில வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், எந்த வடிவத்தைத் தட்டினாலும் மற்றவை வந்து நிற்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 1855 முதலான பிறப்பு இறப்புப் பதிவுகளை இப்படித் தேட முடிகிறது. நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் ஒரு தாலுகாவை எடுத்துத் தொடங்கலாம். தேன்கனிக்கோட்டை தாலுகா ஒன்றே நான்கு மொழிக்கும் போதும். அதுவரை வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டி இருந்தால், அவருடைய மாமனார் பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லி செல்போனில் பதிவு செய்துவையுங்கள். எழுதிக் கேட்காதீர்கள், சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.